லினக்ஸ் மின்ட்டில் பிரெஞ்சு எழுத்தும் தமிழ் லெக்சிகன் எழுத்தும்: கம்போஸ் கீ எப்படி இருக்கிறது?

லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச இயங்குதளம். கம்போஸ் கீ என்பது சில கீகளை அடுத்தடுத்துத் தட்டி, குறி வைத்த ஓர் எழுத்தை வரவழைக்கும் அதன் வசதி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எல்லோருக்குமான விமர்சனம் இல்லை. பிரெஞ்சு படிக்கிறவர்கள், தமிழ் நூற்பெயர்களை ரோமன் எழுத்தில் மேல்கோடும் கீழ்ப்புள்ளியும் போட்டு எழுதியே ஆக வேண்டிய ஆய்வு மாணவர்கள், அந்த மாணவர்களின் ஆய்வேடுகளைப் பிழை திருத்திப் பிழைக்கும் என்னைப் போன்றவர்கள், இவர்களுக்குத்தான் இது உதவும். மற்றவர்களுக்கு ஆங்கிலமும் தமிழும் அடித்தால் போதும், அதற்கு எந்தக் கணினியும் சரிதான்.

இன்னொன்று. பேசப்போகும் எழுத்துகளை இங்கே நேரடியாகப் போடவில்லை. கோடும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகள் பல போன்களில் வெறும் கட்டமாகத் தெரியும், அப்புறம் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே புரியாது. ஆகவே ஆங்கில எழுத்துகளை ஏ, சி, ஈ, எல் என்று பெயர் சொல்லியே அழைக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மாறினேன் என்பது பெரிய கதை இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புராசஸராவது வேண்டும். என் லேப்டாப் ஏழாம் தலைமுறை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரம், கீபோர்டு இன்னும் கெட்டியாக இருக்கிறது, ரிச்சி தெருவில் ஒரு கடையில் காட்டியதற்கு "சார், இதைப் போட்டுட்டு புதுசா ஒண்ணு எடுத்துக்கோங்க" என்றார்கள். எடுக்கவில்லை. லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் பதிப்பைப் போட்டேன். இது 2024-இல் வந்தது, உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். நிறுவுவது, வைஃபை, பிரின்டர் இதையெல்லாம் பற்றி ஏற்கனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் தொடப்போவதில்லை. எனக்கு ஒரே கேள்விதான்: என் எழுத்துகள் கிடைக்குமா?

விண்டோஸில் என் பிழைப்பு ஆல்ட் எண்களில்தான் ஓடியது. ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு நம்பர் பேடில் 0233 அடித்தால், தலையில் வலப்பக்கம் ஏறும் கோடு போட்ட ஈ வரும், பிரெஞ்சுக்காரர்கள் அக்சான் தெகூ என்பார்கள். 0232 என்றால் இடப்பக்கம் சாய்ந்த கோடு. 0231 என்றால் காலில் வால் வைத்த சி. 0201 என்றால் கோடு போட்ட பெரிய ஈ, பிரெஞ்சில் 'எக்கோல்' என்று ஒரு நிறுவனப் பெயரைத் தொடங்கினாலே இது வேண்டும். பல வருடம் அடித்து அடித்து, எண் மூளைக்குப் போகாமலே விரலுக்கு வந்துவிடும். நம்பர் பேட் இல்லாத லேப்டாப் என்றால் தனியாக ஒரு யுஎஸ்பி நம்பர் பேட் வாங்கி மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும், அதையும் வைத்திருந்தேன்.

மின்ட்டில் இந்தப் பழக்கம் அப்படியே செத்துவிடுகிறது. ஆல்ட்டோடு 0233 அடித்தால் உங்கள் எழுத்து வராது. அதற்குப் பதிலாக இங்கே கண்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் ஒன்றாக அழுத்தி, யூனிகோட் எண்ணை (உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருக்கும் பொது எண்) அடித்து, ஸ்பேஸ் தட்ட வேண்டும். சரி, எண்தானே என்று பழைய 0233-ஐ அடித்தால் என்ன வரும் தெரியுமா? தலையில் நேர்கோடு போட்ட ஒய்! 0232 அடித்தால் அதே ஒய், பெரிய எழுத்தில். 0201 அடித்தால் இரட்டைக் கோடு சாய்ந்த ஏ. காரணம் எளிது. விண்டோஸ் ஆல்ட் எண்கள் நாம் கடையில் எண்ணுகிற பத்தடிமான எண்கள், இங்கே கேட்பது பதினாறடிமான எண்கள், அதாவது 9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளையும் இலக்கங்களாக எண்ணுபவை. பழைய 233 இங்கே ஈ-யும் 9-உம் சேர்ந்த ஒன்று. ஆக மனப்பாடம் செய்த பட்டியல் முழுவதும் ஒரே நாளில் செல்லாக்காசு. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் "லினக்ஸ் நமக்கு ஒத்துவராது" என்று திரும்பிப் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து எல்லோரும் சொல்கிற யோசனை, யுஎஸ் இன்டர்நேஷனல் கீபோர்டைப் போட்டுக்கொள் என்பது. விண்டோஸிலும் அது உண்டு, இங்கேயும் உண்டு. ஒற்றை மேற்கோளை அடித்தால் உடனே எதுவும் திரையில் வராது, அடுத்து ஈ அடித்தால் இரண்டும் சேர்ந்து கோடு போட்ட ஈ ஆகும். இப்படிப்பட்ட கீயை டெட் கீ என்கிறார்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் இரண்டு இடத்திலும் நடத்தை ஒன்றில்லை. விண்டோஸில் ஒற்றை மேற்கோளும் சி-யும் சேர்ந்தால் வால் வைத்த சி வரும், 'பிரான்சே', 'கார்சோன்' எல்லாம் அப்படித்தான் அடிப்போம். மின்ட்டில் அதே இரண்டு கீயை அடித்தால் தலையில் கோடு போட்ட சி வருகிறது, போலிஷ் மொழிக்காரர்களுடைய எழுத்து. சின்ன எழுத்தளவில் பார்த்தால் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, அச்சுக்குப் போன பிறகுதான் தெரியும். வால் வைத்த சி வேண்டுமென்றால் வலது ஆல்ட்டோடு கமாவை அடிக்க வேண்டும். இன்னும் ஒரு வேடிக்கை, ஆங்கிலத்தில் உடைமையைக் காட்ட மேற்கோளும் எஸ்ஸும் போடுவோம் அல்லவா, அங்கே விண்டோஸ் நம் மனதைப் புரிந்துகொண்டு மேற்கோளைத் தனியாகவும் எஸ்ஸைத் தனியாகவும் விடும். மின்ட் அதைக் கோடு போட்ட எஸ் ஆக்கிவிடும். சமஸ்கிருத நூற்பெயர் அடிக்கிறவர்களுக்கு அந்த எழுத்து வேண்டும்தான், சிவனின் பெயரை அதைக் கொண்டுதான் தொடங்குவார்கள். ஆனால் ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்திலும் சிவன் வந்து நின்றால் எப்படி?

டெட் கீயை வலது ஆல்ட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்த இன்னொரு வகை கீபோர்டும் பட்டியலில் இருக்கிறது. மேற்கோள் மேற்கோளாகவே இருக்கும், வலது ஆல்ட்டோடு அடித்தால் மட்டும் டெட் கீ ஆகும். பிரெஞ்சு மட்டும் அடிக்கிறவர்களுக்கு இது தாராளமாகப் போதும், இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குப் போதவில்லை, ஏனென்று பிறகு சொல்கிறேன்.

இப்போது கம்போஸ் கீ. இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1983-இல் விற்ற விடி220 முனையத்தின் கீபோர்டிலேயே இந்தப் பெயரோடு ஒரு கீ இருந்தது. இன்றைக்கு நம் கீபோர்டில் அப்படி ஒரு கீ கிடையாது, அதனால் இருக்கிற ஏதோ ஒரு கீயை அந்த வேலைக்கு நேர்ந்துவிட வேண்டும். மின்ட்டில் சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் கீபோர்டு, அதில் லேஅவுட்ஸ், அதில் ஆப்ஷன்ஸ் என்று உள்ளே உள்ளே போனால், ஒரு நீண்ட பட்டியலின் நடுவே கம்போஸ் கீ எங்கே இருக்க வேண்டும் என்று கேட்கும் பகுதி இருக்கும். வலது ஆல்ட், வலது கண்ட்ரோல், மெனு கீ, கேப்ஸ் லாக் என்று பல இடங்களைக் காட்டும். டிக் போட்டதும் வேலை செய்யத் தொடங்கிவிடும். உபுண்டுவில் செட்டிங்ஸ் போய்க் கீபோர்டைத் தட்டினாலே கம்போஸ் கீ கண்ணெதிரே இருக்கும். மின்ட்டில் இவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த அமைப்பின் மிக உபயோகமான வசதிகளில் ஒன்றை, தேடிப் போகிறவன் மட்டும் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

வேலை செய்யும் விதம் இப்படி. கம்போஸ் கீயைத் தட்டி விடுகிறீர்கள், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். பிறகு ஒற்றை மேற்கோள், பிறகு ஈ. கோடு போட்ட ஈ வந்துவிட்டது. இடப்பக்கக் கோட்டுக்கு, கீபோர்டின் இடது மேல் மூலையில் இருக்கும் சாய்ந்த குறி. கூரைக்கு 6-க்கு மேலே இருக்கும் கூரைக் குறி. இரண்டு புள்ளிக்கு இரட்டை மேற்கோள். வால் வைத்த சி-க்குக் கமாவும் சி-யும். ஓ-வும் ஈ-யும் ஒட்டிய அந்தப் பிரெஞ்சு எழுத்துக்கு, வேறென்ன, ஓ, ஈ. எண் எதுவும் கிடையாது, எழுத்து எப்படித் தெரிகிறதோ அப்படியே கூட்டி அடிக்கிறோம். தமிழ்99-இல் அடித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். க அடித்து ஆ அடித்தால் கா ஆகிறது இல்லையா, அதே தர்க்கம்தான். 1999-இல் தமிழ் கீபோர்டைத் தரப்படுத்தினபோது எழுத்தைக் கூட்டித்தான் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள், அதே மூளைதான் இங்கேயும். ஆல்ட் எண்ணோடு மல்லுக்கட்டிய எனக்கு, இதைப் பார்த்ததும் ஏன் இத்தனை காலம் விண்டோஸில் இது இல்லை என்றுதான் தோன்றியது. (இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.)

எழுத்துகளைத் தாண்டியும் கிடைப்பவைதான் எனக்குப் பெரிய லாபம். கம்போஸ் அடித்து இரண்டு சிறு கோடும் ஒரு புள்ளியும் போட்டால் நடுத்தர நீளக் கோடு வரும். நூற்பட்டியலில் பக்க எண்களுக்கு நடுவே போட வேண்டியது அதுதான், பாதி ஆய்வேடுகளில் வெறும் ஹைஃபன் போட்டுவிட்டு வருவார்கள். மூன்று சிறு கோடு என்றால் நீளக் கோடு. சின்னது என்கிற குறியை இருமுறை அடித்தால் பிரெஞ்சு மேற்கோள் குறி, பெரியது என்கிற குறியை இருமுறை அடித்தால் அதன் மூடும் குறி. பெரிய ஆரும் சமக் குறியும் என்றால் ரூபாய்க் குறி. ஈ-யும் சமக் குறியும் என்றால் யூரோ. பில் அனுப்பும்போது இரண்டும் வேண்டியிருக்கிறது.

ரூபாய்க் குறி என்றதும் ஒரு எச்சரிக்கை. ரூபாய்க் குறியோடு கூடிய இந்திய ஆங்கிலக் கீபோர்டைப் போட்டிருந்தால் அது வலது ஆல்ட்டோடு 4-இல் கிடைக்கும். வலது ஆல்ட்டையே கம்போஸ் ஆக்கிவிட்டால் அந்த வழி அடைபடும். அதனால் நான் கேப்ஸ் லாக்கைக் கம்போஸ் ஆக்கிக்கொண்டேன். இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பெரிய கீ, பெரிய எழுத்தில் கத்துவதைத் தவிர அதற்கு வேறு உபயோகமும் இருந்ததில்லை. மெனு கீ இருக்கும் பழைய கீபோர்டு வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம், இப்போது வரும் பல லேப்டாப்களில் அந்தக் கீயே இல்லை.

இதுவரை சொன்னது பிரெஞ்சு. பிரெஞ்சுக்கு இதற்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம். தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் அடிப்பதுதான் உண்மையான பரீட்சை.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த தமிழ் லெக்சிகனின் எழுத்துப்பெயர்ப்பு முறையைத்தான் ஆய்வுலகம் பெரும்பாலும் இன்றும் பின்பற்றுகிறது. நெடில் என்றால் உயிரெழுத்தின் மேல் நேர்கோடு. ட, ண, ள என்றால் கீழே புள்ளி. ங என்றால் என்-மேல் புள்ளி. ஞ என்றால் என்-மேல் அலை. ற, ன, ழ மூன்றுக்கும் கீழே கோடு. 'புறநானூறு' என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமனில் பத்து எழுத்து, அதில் ஐந்து குறி வைத்த எழுத்து. இந்த ஒரு பெயர் ஓர் ஆய்வேட்டில் நூறு இடத்தில் வந்தால் அடிக்கிறவன் கதி என்ன?

விண்டோஸில் இதற்கு ஆல்ட் எண் உதவாது. 255-ஐத் தாண்டிய எண்களை எல்லாச் செயலியும் ஏற்காது, வேர்டு ஏற்கும், வேறு இடத்தில் ஏதோ ஒன்று வந்து விழும். அதனால் வேர்டுக்குள் பதினாறடிமான எண்ணை அடித்துவிட்டு ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அடிக்கும் வழியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டோம். நெடில் ஏ-வுக்கு 0101. ள-வுக்கு 1ஈ37. இதிலும் ஒரு பொறி உண்டு. 'குறள்' என்று அடிக்கும்போது ள-வுக்கு முன்னால் ஒரு ஏ நிற்கிறது. பதினாறடிமானத்தில் ஏ முதல் எஃப் வரை எல்லாமே எண்கள், ஆகவே வேர்டு அந்த ஏ-வையும் எண்ணோடு சேர்த்து விழுங்கிவிடும். எண்ணுக்கு முன்னால் யு-வும் கூட்டல் குறியும் போட்டுத் தப்பிக்கலாம். இந்த ஆல்ட்-எக்ஸ் வழி, லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் லிப்ரெ ஆஃபீஸ் ரைட்டரிலும் அப்படியே இருக்கிறது என்பது மாறி வருகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பழைய கை முழுக்க வீணாகாது.

கம்போஸில் என்ன கிடைக்கிறது? அடிக்கோட்டுக் குறியும் ஏ-யும் அடித்தால் நெடில் ஏ. ஆச்சரியக்குறியும் டி-யும் (எஸ்ஸுக்கு அடுத்து வரும் டி) என்றால் கீழ்ப்புள்ளி வைத்த டி, அதே போல என், எல். முற்றுப்புள்ளியும் என்-னும் என்றால் ங. அலைக் குறியும் என்-னும் என்றால் ஞ. இதுவரை கூடுதலாக எதையும் நிறுவாமல், எதையும் திருத்தாமல், பெட்டியிலிருந்து எடுத்தபடியே. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்து ழ-வுக்கு வந்தால், இல்லை. கீழ்க்கோடு வைத்த மூன்றும், ற, ன, ழ மூன்றுமே, கம்போஸ் பட்டியலில் எனக்குக் கிடைக்கவில்லை. 'தமிழ்' என்ற பெயரையே அடிக்க முடியாத வசதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இங்கேதான் இந்த வசதியின் உண்மையான பலம் இருக்கிறது. பட்டியலில் இல்லாததை நாமே எழுதிக்கொள்ளலாம். ஹோம் ஃபோல்டரில் 'எக்ஸ்கம்போஸ்' என்ற பெயரில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, எக்ஸும் சி-யும் பெரிய எழுத்தாக, ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு உருவாக்க வேண்டும். புள்ளியில் தொடங்குவதால் அது கண்ணுக்கு மறைந்து இருக்கும், கண்ட்ரோலும் எச்சும் அடித்தால் தெரியும். முதல் வரியில் 'இன்க்ளூட்' என்று எழுதி, இரட்டை மேற்கோளுக்குள் சதவீதக் குறியும் பெரிய எல்லும் போட வேண்டும். இந்த வரியை விட்டால் ஏற்கனவே இருந்த பட்டியல் முழுக்கப் போய்விடும், நாம் எழுதியது மட்டும் நிற்கும். அடுத்தடுத்த வரிகளில், கோணக் குறிக்குள் 'மல்டி' அடிக்கோடு 'கீ', பிறகு தனித்தனிக் கோணக் குறிக்குள் நாம் விரும்பும் கீகள், ஒரு முக்காற்புள்ளி, பிறகு மேற்கோளுக்குள் வர வேண்டிய எழுத்து. ஒரு எழுத்துக்கு ஒரு வரி. அவ்வளவுதான். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

நான் ழ-வுக்கு இசட், எச் என்று வைத்துக்கொண்டேன். கனிமொழியும் எழிலும் தங்கள் பெயரை ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள், கை தானாகவே அங்கே போகும். ற-வுக்கு ஆர் இருமுறை, ன-வுக்கு என் இருமுறை. பெரிய எழுத்து வடிவங்களுக்குக் கவலைப்படவே இல்லை. ற, ன, ழ மூன்றும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, ஆகவே தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தில் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் அவை வேண்டும். தொல்காப்பியர் வகுத்த முதல்நிலை விதி எனக்கு மூன்று வரிகளை மிச்சப்படுத்தியது.

நெடில்களுக்கும் இதே போல ஏ இருமுறை, ஓ இருமுறை என்று வைத்துக்கொள்ள ஆசை வரும், அடிக்கோட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஷிஃப்ட் அழுத்துவது அலுப்புத்தான். செய்யலாம், ஆனால் நாம் எழுதும் வரி பழைய வரியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஏ இருமுறை அடித்தால் முதலில் வந்துகொண்டிருந்தது தலையில் வளையம் வைத்த ஸ்காண்டினேவிய ஏ, அது போனால் எனக்கு நஷ்டமில்லை. ஓ இருமுறை என்பது டிகிரிக் குறி. மே மாதத்துச் சென்னை வெப்பநிலையை எழுத வேண்டியவர்கள் அதில் கை வைக்காதீர்கள்.

இனிக் குறைகள். கோப்பைத் திருத்தியதும் மாற்றம் உடனே தெரியாது, திறந்திருக்கும் செயலிகளை மூடித் திறக்க வேண்டும், சில சமயம் லாக் அவுட் செய்து உள்ளே வர வேண்டும். எந்த வரியில் ஒரு குறி விட்டுப்போனது என்று சொல்லவும் ஆளில்லை, அந்த வரி சும்மா வேலை செய்யாமல் இருக்கும். ஃபிளாட்பேக்காக நிறுவிய செயலிகள் தனிக் கூண்டுக்குள் ஓடுபவை, ஹோம் ஃபோல்டரைப் பார்க்க அனுமதி இல்லாத செயலிக்கு உங்கள் கோப்பு இருப்பதே தெரியாது. அடிக்க வேண்டிய செயலிகளைச் சாதாரண வடிவத்தில் நிறுவுவது நல்லது.

அப்புறம் தமிழ். பல மொழிகளில் அடிக்க உதவும் ஐபஸ் என்ற நிரலைப் போட்டு, அதோடு கீபோர்டு முறைகளைத் தரும் எம்17என் என்ற துணை நிரலையும் போட்டால் தமிழ்99 கிடைக்கிறது, இன்ஸ்கிரிப்ட், ஃபொனெடிக் எல்லாமும் இருக்கின்றன. என்எச்எம் ரைட்டர், அழகி என்று விண்டோஸில் பழகியவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி இருக்காது. ஆனால் தமிழ் கீபோர்டில் இருக்கும்போது கம்போஸ் அடித்துப் பயனில்லை, ஏனென்றால் ஈ கீயை அடித்தால் ஈ என்ற ரோமன் எழுத்தே கணினிக்குப் போவதில்லை. தமிழ் வாக்கியத்துக்கு நடுவே ஒரு பிரெஞ்சுச் சொல் என்றால் ஆங்கிலத்துக்கு மாறி, அடித்து, திரும்ப வேண்டும். மொழிபெயர்ப்பு வேலையில் இது ஒரு பக்கத்துக்கே பல முறை நடக்கும். சலிப்பாகத்தான் இருக்கிறது, வழி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

கம்போஸின் குற்றமல்லாத, ஆனால் மாறியதும் தலைவலி தரக்கூடிய இரண்டு விஷயம். ஒன்று எழுத்துரு. ஆய்வேட்டுக்கு டைம்ஸ் நியூ ரோமன் வேண்டும் என்று விதி இருக்கும், மின்ட்டில் அது இயல்பாக இருக்காது, அகல அளவில் அதற்கு ஈடான லிபரேஷன் செரிஃப் வந்து நிற்கும். ஓர் எழுத்துருவில் கீழ்க்கோட்டு எழுத்து இல்லாவிட்டால் கணினி சத்தமில்லாமல் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போடும், சொல்லின் நடுவே ஒரு எழுத்து மட்டும் தடித்தோ மெலிந்தோ தெரியும். எஸ்ஐஎல் அமைப்பு இலவசமாகத் தரும் ஜென்டியம் எழுத்துருவில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, பார்க்கவும் அழகு. விதி தளர்வாக இருக்கும் இடத்தில் அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

இன்னொன்று இதைவிட மோசம். கீழ்ப்புள்ளி வைத்த எல் என்பது யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் இருக்கலாம், வெறும் எல்லும் அதன் பின்னால் ஒட்டும் புள்ளியும் என இரண்டு துண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான். தேடும்போதோ அகரவரிசைப்படுத்தும்போதோ இரண்டும் வேறு வேறு என்று பல செயலிகள் நினைக்கும். வேறு வேறு கணினிகளில் அடித்து ஒட்டிய நூற்பட்டியலில் ஒரே ஆசிரியர் பெயர் இரண்டு இடத்தில் வருவது இதனால்தான். கம்போஸ் பட்டியலில் நான் மேலே சொன்னவை அனைத்தும் ஒற்றை எழுத்தாகவே வருகின்றன. சொந்தக் கோப்பு எழுதும்போதும் மேற்கோளுக்குள் ஒற்றை எழுத்தையே வையுங்கள், ன-வுக்கு 1ஈ49 என்ற எண்ணில் அது இருக்கிறது.

மேக்குக்குப் போனவர்கள் கேட்பார்கள் என்று ஒரு வார்த்தை. அங்கே ஈ கீயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலே கோடு போட்ட ஈக்களின் வரிசை மேலே தெரியும், போனில் போலவே. வேகமாக அடிக்கிறவர்கள் ஆப்ஷனோடு ஈ, பிறகு ஈ என்று அடிக்கலாம். ஏபிசி எக்ஸ்டெண்டட் என்ற கீபோர்டைச் சேர்த்துக்கொண்டால் நெடில் கோடும் கீழ்ப்புள்ளியும் கிடைக்கும். முதல் நாளிலிருந்தே வசதி என்று பார்த்தால் மேக்தான் மேல். விலையைப் பார்த்தால் நான் பேசாமல் இருக்கிறேன்.

விண்டோஸிலேயே இருக்கிறவர்கள், அல்லது அலுவலகத்தில் விண்டோஸ்தான் என்கிறவர்கள், வின்கம்போஸ் என்ற இலவச நிரலைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். இதே கம்போஸ் முறை அங்கேயும் வந்துவிடும், நம்பர் பேட் எண்களை மறந்துவிடலாம். மைக்ரோசாஃப்டே தரும் பவர்டாய்ஸில் குவிக் ஆக்சென்ட் என்று ஒன்று இருக்கிறது, பிரெஞ்சுக்கு அது போதும்.

என் மதிப்பெண்: பிரெஞ்சுக்கு ஐந்துக்கு ஐந்து, லெக்சிகன் எழுத்துக்குக் கோப்பு எழுதுவதற்கு முன் இரண்டு, எழுதிய பின் நாலரை. அந்தக் கோப்பு கணினிக்குக் கணினி தானாக வராது, மின்ட்டைப் புதிதாக நிறுவும்போது ஹோம் ஃபோல்டரை அழித்தால் அதுவும் போய்விடும், புள்ளியில் தொடங்குவதால் பேக்கப் எடுக்கும்போதும் கண்ணில் படாமல் விட்டுப்போகும். எழுதி முடித்ததும் முதல் வேலையாக அதை உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள்.